வவுனியாவுக்குக் குடிவருவோர் எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம்?

நெடுங்கேணியிலிருந்தோ மல்லாவியிலிருந்தோ ஒரு குடும்பம் பிள்ளைகளின் படிப்புக்காக நகரத்துக்கு வர முடிவெடுத்தால், அந்த நகரம் பெரும்பாலும் வவுனியாதான். ஏ-9 வீதி நகரின் நடுவே போகிறது. மேற்கே மன்னார் வீதி, கிழக்கே ஹொரவப்பொத்தானை வீதி. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ரயில் இருக்கிறது. மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. 2021 ஓகஸ்ட்டிலிருந்து தனிப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. வன்னியில் இவை எல்லாம் ஒரே இடத்தில் அமைந்த ஊர் வேறில்லை.

வீடு தேடி வருகிறவர்கள் முதலில் கேட்பது, “பஸ் நிலையத்திலிருந்து எத்தனை கிலோமீற்றர்?” என்பதைத்தான். கொழும்பில் இந்தக் கேள்விக்கு அர்த்தம் உண்டு. வவுனியாவில் ஓமந்தையை விட்டுவிட்டால், இந்தக் கட்டுரையில் வரும் எந்த இடத்திலிருந்தும் மோட்டார் சைக்கிளில் கால் மணி நேரத்துக்குள் மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு வந்துவிடலாம். தூரத்தை வைத்து இந்த இடங்களைத் தரம்பிரிப்பதில் பெரிய பயன் இல்லை.

நான் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு. பகல் பதினொரு மணிக்கு அந்த வீட்டில் யார் இருப்பார்கள்? உத்தியோகத்துக்குப் போகிறவர் காலை ஏழரைக்குப் புறப்பட்டு மாலை ஐந்தரைக்குத் திரும்புகிறார். அவருக்கு வீடு என்பது இரவும் ஞாயிற்றுக்கிழமையும்தான். தண்ணீர் வந்ததா, கடைக்கு நடந்து போக முடிகிறதா, மருந்து முடிந்தால் என்ன செய்வது, வெயிலில் நிற்க ஒரு மர நிழல் இருக்கிறதா என்பதெல்லாம் பகலில் வீட்டில் இருப்பவருக்குத்தான் தெரியும். அவர் மனைவியாக இருக்கலாம், வயதான தாயாக இருக்கலாம், பாடசாலை விட்டு இரண்டு மணிக்கு வரும் பிள்ளையாக இருக்கலாம். ஆனால் வீடு பார்க்கப் போவதும் முற்பணம் கொடுப்பதும் பெரும்பாலும் காலையில் வெளியே போகிறவர்தான். இந்த முறையை மாற்ற வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். கீழே நான்கு பக்கங்களையும் அந்தக் கண்ணோடுதான் ஒப்பிடுகிறேன்.

தண்ணீர்தான் முதல் வேறுபாடு

இடங்களைப் பற்றிச் சொல்லுமுன் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணத்தைப் போல வவுனியாவின் அடியில் சுண்ணாம்புக்கல் இல்லை. கடினமான பாறை இருக்கிறது. பாறை வெடிப்புகளில் எங்கே நீர் தங்கியிருக்கிறதோ அங்கேதான் கிணறு ஊறும். அதனால் ஒரே ஒழுங்கையில் ஒரு வளவில் நல்ல தண்ணீரும், மூன்று வீடு தள்ளிச் சவர்த் தண்ணீரும் இருப்பது சாதாரணம். “அந்தப் பக்கம் தண்ணீர் நல்லது” என்று யாராவது பொதுவாகச் சொன்னால் அதை நம்பி முற்பணம் கொடுக்காதீர்கள். அந்தக் கிணற்றின் தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும்.

பார்க்கும் முறை எளிது. வீட்டுக்காரரின் சமையலறையில் இருக்கும் கேத்தலின் உட்புறத்தைப் பாருங்கள். ஒரு வருடம் பாவித்த கேத்தலின் அடியில் வெள்ளையாகத் தடித்த படை பிடித்து, சுரண்டினால் செதில் செதிலாக உரிந்து வந்தால் அது கடின நீர். இலங்கையின் குடிநீர்த் தரத்தின்படி மொத்தக் கடினத்தன்மை லீற்றருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. புளோரைட்டின் எல்லை 1 மில்லிகிராம். புளோரைட்டு கேத்தலில் தெரியாது. அந்த ஒழுங்கையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் முன்பற்களில் பழுப்பு வரிகளாகத் தெரியும். காரணம் இன்னும் முழுமையாக உறுதிசெய்யப்படாத சிறுநீரக நோய் வட மத்திய மாகாணத்தை அண்டிய வவுனியாவின் கிராமங்களிலும் இருப்பதால், இதை மனப்பிராந்தி என்று ஒதுக்கிவிட முடியாது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையில் போத்தலில் மாதிரி கொடுத்துச் சோதிக்கலாம். வாங்கப் போகும் காணியானால் இந்தச் செலவைத் தவிர்க்கவே கூடாது.

பேராறு நீர்த்தேக்கத்திலிருந்து வரும் குழாய்நீர் நகரின் பல பகுதிகளுக்குக் கிடைக்கிறது. ஆனால் பிரதான வீதியில் குழாய் போகிறது என்பதும் உங்கள் ஒழுங்கைக்குள் இணைப்பு வந்திருக்கிறது என்பதும் ஒன்றல்ல. வீட்டு மதிலில் மானி இருக்கிறதா என்று பாருங்கள். மானி இருந்தால் கடைசி மாதப் பட்டியலைக் கேளுங்கள். தண்ணீர் உண்மையில் ஓடுகிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

குருமன்காடும் வைரவபுளியங்குளமும்

வசதியைத் தேடுகிறவர்கள் முதலில் வருவது இங்கேதான். வைரவபுளியங்குளத்தில் ரயில் நிலையமும் தனியார் கல்வி நிலையங்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. குருமன்காட்டுச் சந்தியில் மருந்தகம், வங்கி, கடை என்று எதற்கும் நடந்து போகலாம். சாதாரண தரம், உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் மாலை வகுப்பு முடிந்து ஆறரைக்கு வீடு திரும்ப வேண்டியிருக்கும்போது இந்த நெருக்கத்தின் அருமை தெரியும். பெண்பிள்ளை ஒருத்தி இருட்டில் சைக்கிளில் வரும் நாலு கிலோமீற்றரும், வெளிச்சமான வீதியில் நடக்கும் நானூறு மீற்றரும் ஒரு தாய்க்கு ஒன்றாக முடியாது.

விலை இதற்கேற்ப இருக்கிறது. வாடகை இந்தப் பக்கத்தில்தான் அதிகம், வளவு சின்னது, கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் இருக்க வேண்டிய இடைவெளி பல வீடுகளில் இல்லை. ஒரே வளவை மூன்றாகப் பிரித்துக் கட்டிய வீடுகளில் இதைக் கட்டாயம் அளந்து பாருங்கள். மழை நாட்களில் வடிகால் நிரம்பி வீதியில் தண்ணீர் நிற்பதும் உண்டு. குளங்களின் ஓரமும் வயலும் மண் நிரப்பி வீடான இடங்கள் நகருக்குள் பல. வயலை நிரப்புவதற்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அனுமதி பெற வேண்டும். அந்த அனுமதி இல்லாத காணியை வாங்கினால், மழைத் தண்ணீரோடு சட்டச் சிக்கலும் சேர்ந்து வரும்.

வயதான தாய் தந்தையரை அடிக்கடி வைத்தியசாலைக்குக் கொண்டு போகும் குடும்பத்துக்கு நான் வேறு இடம் சொல்ல மாட்டேன். வாடகை கூடுதலாக இருந்தாலும் இங்கே சின்ன வீடு எடுப்பதுதான் சரி. இரவு பன்னிரண்டு மணிக்கு முச்சக்கரவண்டி கிடைப்பது இந்தப் பக்கத்தில் மட்டும்தான் உறுதி.

கூமாங்குளம், நெளுக்குளம்

மன்னார் வீதியை ஒட்டி நகரம் வளர்ந்துகொண்டிருக்கும் பக்கம் இது. பல்கலைக்கழகம் இதே வீதியில் பம்பைமடுவில் இருப்பதால், மாணவர்களும் விரிவுரையாளர்களும் இங்கே வாடகைக்கு வருகிறார்கள். வீதியில் பகல் முழுவதும் பஸ் ஓடுகிறது. மன்னாருக்கும் செட்டிகுளத்துக்கும் போகும் பஸ்களும் இதே வழியில்தான் போகின்றன. கையில் பிள்ளையோடும் பையோடும் பஸ் ஏறுகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

நான் அதிகம் பரிந்துரைப்பது இந்தப் பக்கத்தைத்தான். அதற்குக் காரணம் பஸ் மட்டும் அல்ல. கூமாங்குளத்தின் உள் ஒழுங்கைகளில் பகலில் நடந்தால், வேலிக்கு வேலி பேச ஆள் இருக்கிறது. மா, பலா, முருங்கை நிற்கும் வளவுகள் இன்னும் துண்டாகவில்லை. கிராமத்தில் ஐம்பது வருடம் வாழ்ந்த ஒரு மாமியார் நகரத்துக்கு வந்தால் உடம்பைவிட மனம்தான் முதலில் சோர்கிறது. நெடுங்கேணிப் பக்கத்திலிருந்து எங்கள் உறவுக் குடும்பம் ஒன்று இங்கே வந்தது. அந்த வீட்டு அம்மா இரண்டாவது வாரமே பக்கத்து வளவில் கருவேப்பிலைக் கன்று வாங்கி நட்டார். “நகரத்துக்கு வந்த மாதிரியே இல்லை, பிள்ளை” என்று அவர் என்னிடம் சொன்னது குறையாக அல்ல.

குறைகளும் உண்டு. பிரதான வீதியை விட்டு உள்ளே போகப் போக வீதி கிரவலாகிவிடுகிறது. கார்த்திகை, மார்கழி மழையில் வெள்ளைச் சப்பாத்தோடு பாடசாலைக்குப் போகும் பிள்ளைகள் படும் பாட்டை அங்கே நின்று பார்த்தால் தெரியும். தெருவிளக்கும் சீரில்லை. வீதியிலிருந்து அரைக் கிலோமீற்றருக்குள் வீடு கிடைத்தால் எடுங்கள். அதைத் தாண்டினால் மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

பூந்தோட்டம், கோவில்குளம், மகாறம்பைக்குளம்

நகரின் மறுபக்கம். கோவில்குளம் சிவன் கோவிலும் பூந்தோட்டத்துத் தேசிய கல்வியியற் கல்லூரியும் இந்தப் பக்கத்துக்கு ஓர் அமைதியைக் கொடுத்திருக்கின்றன. இறம்பைக்குளம் மகளிர் மகா வித்தியாலயத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு இங்கிருந்து சைக்கிள் தூரம்தான். மன்னார் வீதியோடு ஒப்பிட்டால் பஸ் குறைவு. சொந்த மோட்டார் சைக்கிள் இல்லாத குடும்பம் இங்கே பகல் நேரத்தில் முச்சக்கரவண்டிக்குக் கொடுக்கும் காசை வாடகையோடு சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், குறைந்த வாடகை என்று தோன்றியது அவ்வளவு குறைவாக இருக்காது.

இந்தப் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது காணியின் பத்திரம். நகரின் நான்கு பக்கத்துக்கும் பொருந்துவதென்றாலும், குடியேற்றங்களாகத் தொடங்கிய கிராமங்கள் நிறைந்த கிழக்குப் பக்கத்தில் இது அடிக்கடி வருகிறது. 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்த மக்கள், 1990களில் முகாம்களுக்கு வந்தவர்கள், இந்தியாவிலிருந்து திரும்பிச் சிதம்பரபுரத்தில் தங்கியவர்கள் என்று அடுக்கடுக்காகக் குடியேறிய மாவட்டம் இது. அவர்களில் பலர் காட்டை வெட்டி, கிணறு தோண்டி, ஊரை உருவாக்கினார்கள். ஆனால் கையில் கிடைத்தது உறுதி, அதாவது முழு உரிமைப் பத்திரம், அல்ல. காணி அனுமதிப்பத்திரம், அல்லது அதுவும் இல்லை.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியை விற்க முடியாது. அரசு காணியை அளித்ததற்கான அளிப்புப் பத்திரம் உள்ள காணியைக் கைமாற்றப் பிரதேச செயலாளரின் சம்மதம் வேண்டும். இதை மறைத்து, முத்திரை ஒட்டிய கடதாசியிலும் அற்றோனித் தத்துவத்திலும் (ஒருவருக்காகச் செயற்படக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) விற்பது நடக்கிறது. விலை பாதியாக இருக்கும். வாங்குகிறவருக்கு ஆசை வரும். பத்து வருடம் கழித்து, பத்திரத்தில் பின்னுரித்தாளராகப் பெயர் உள்ள ஒருவர் வந்து நின்றால் உங்களிடம் காட்ட எதுவும் இருக்காது. வங்கியில் கடனும் எடுக்க முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள்: இந்தச் சட்டத்தில் வாரிசாக ஆண்பிள்ளைக்கே முன்னுரிமை கொடுத்த ஏற்பாடு 2022இல் திருத்தப்பட்டு, பெண்பிள்ளைகளுக்கும் சம உரிமை வந்திருக்கிறது. அண்ணன் ஒருவர் தனியாக வந்து “எல்லாம் என்னுடையதுதான்” என்று சொன்னால், சகோதரிகள் இருக்கிறார்களா என்று கேளுங்கள்.

உறுதிக் காணியானால் காணிப் பதிவகத்தில் முப்பது வருடத் தோம்பு (உரிமைப் பதிவு) பார்த்து, நில அளவையாளரின் வரைபடத்தை நிலத்தில் வைத்து எல்லைக்கல்லைக் காணுங்கள். அரச காணியானால் பிரதேச செயலகத்தில் காணி உத்தியோகத்தரிடம் நேரில் கேளுங்கள். காட்டோரமானால் வனத் திணைக்களத்தின் எல்லை எங்கே போகிறது என்பதையும், குளத்தோரமானால் அலைகரையும் (குளம் நிரம்பும்போது தண்ணீர் பரவும் நிலம்) ஒதுக்குப் பகுதியும் எதுவரை என்பதையும் கமநல சேவை நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஐப்பசிக்கு முன் காய்ந்து கிடக்கும் அலைகரையில் வேலி அடைத்து “நல்ல மேட்டுக்காணி” என்று காட்டினால் வெளியூர்க்காரருக்கு வித்தியாசம் தெரியாது.

தாண்டிக்குளம், ஓமந்தை

ஏ-9 வீதியில் வடக்கே போனால் முதலில் தாண்டிக்குளம், இன்னும் பத்துக் கிலோமீற்றருக்குச் சற்று மேல் போனால் ஓமந்தை. போர்க்காலத்தில் வன்னிக்குள் போகிறவர்கள் மணிக்கணக்கில் காத்து நின்ற இடங்கள் இவை. 2002க்குப் பிறகு ஓமந்தைச் சோதனைச்சாவடியில் பொதிகளை அவிழ்த்துக் கட்டிய நினைவு இல்லாத வன்னிக் குடும்பம் குறைவு. அதனால்தான் இந்தப் பக்கத்தில் குடியிருப்பு பிந்தி வளர்ந்தது. வளவுகள் இன்னும் பெரியவை.

தாண்டிக்குளம் நகரத்துக்கு மிக அருகில். குருமன்காட்டின் வாடகையைக் கொடுக்க முடியாதவர்கள், கூமாங்குளத்தில் வீடு கிடைக்காதவர்கள் தயங்காமல் இங்கே பார்க்கலாம். ஓமந்தை வேறு வகை. மாடு, கோழி, தோட்டம் என்று வாழ்ந்த குடும்பம், அந்த வாழ்க்கையை விடாமல் பிள்ளைகளை மட்டும் நகரத்துக்கு அனுப்ப நினைத்தால் ஓமந்தை பொருந்தும். ரயில் நிலையம் இருக்கிறது, ஓமந்தை மத்திய கல்லூரி இருக்கிறது, அரை ஏக்கர் எடுத்தால் வெங்காயமும் மிளகாயும் போடலாம். உள்ளே போனால் யானைத் தொல்லை உண்டு. வாழை வைக்க நினைப்பவர்கள் பக்கத்துத் தோட்டக்காரரிடம் முதலில் அதைக் கேட்க வேண்டும்.

எனக்குப் பெரிய பயம் வீதிதான். ஏ-9இல் இரவில் ஓடும் தூரப் பஸ்களின் வேகத்தைப் பார்த்தவர்கள், பிள்ளை தினமும் குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் வீடு எடுக்க மாட்டார்கள். பாடசாலையும் பஸ் தரிப்பிடமும் வீட்டின் அதே பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்த வீடு எவ்வளவு நல்லதானாலும் வேண்டாம்.

பாடசாலைக்காக வருகிறவர்களுக்கு

தரம் 1க்குப் பிள்ளையைச் சேர்க்க நகரத்துக்கு வருகிறவர்கள் ஒன்றை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். கல்வி அமைச்சின் சுற்றறிக்கைப்படி அரச பாடசாலைகளின் இடங்களில் 50 சதவீதம் அருகில் வசிப்போருக்கு, 25 சதவீதம் பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு, 15 சதவீதம் ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளின் உடன்பிறந்தோருக்கு. அருகில் வசிப்பதற்கான புள்ளி, கடந்த ஐந்து வருட வாக்காளர் இடாப்பில் பெயர் இருப்பதைப் பொறுத்துக் கூடிக் குறைகிறது. விண்ணப்பத்துக்கு முந்தைய வருடம் அவசரமாக வாடகைக்கு வந்தவருக்குச் சொற்பப் புள்ளிதான் கிடைக்கும். அதோடு, நீங்கள் விரும்பும் பாடசாலையைவிட உங்கள் வீட்டுக்குக் கிட்ட வேறு அரச பாடசாலைகள் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் புள்ளி வெட்டப்படும்.

ஆகவே பிள்ளைக்கு மூன்று வயதாகவும் நகரப் பாடசாலை ஒன்றின் மேல் கண்ணாகவும் இருந்தால், குருமன்காட்டுப் பக்கத்துக்கு இப்போதே வந்து கிராம அலுவலரிடம் பதிவை மாற்றுங்கள். பிள்ளைக்கு ஐந்து வயது ஆகிவிட்டதென்றால், அந்தப் போட்டிக்காகக் கூடுதல் வாடகை கொடுப்பதில் பயனில்லை. நெளுக்குளம், பூந்தோட்டம் பக்கங்களிலும் மகா வித்தியாலயங்கள் இருக்கின்றன. அங்கே சேர்த்துவிட்டு, மிச்சமாகும் காசையும் நேரத்தையும் பிள்ளையோடு செலவிடுங்கள். தரம் 5 புலமைப்பரிசில் வழியாகத் தரம் 6இல் பாடசாலை மாறும் வாய்ப்பும் இருக்கிறது.

கிளிநொச்சியைப் பற்றியும் கேட்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் அறிவியல்நகரில் இருப்பதால், அங்கே வேலை என்றால் கேள்வியே இல்லை. கிளிநொச்சிக்குத்தான் போக வேண்டும். இரணைமடு வாய்க்கால் ஓடும் பக்கங்களில் கிணற்று நீர் கோடையிலும் தாக்குப்பிடிக்கிறது. 2018 டிசம்பரில் இரணைமடு நிரம்பி வான்கதவுகள் திறந்தபோது வெள்ளம் புகுந்த வீடுகள் எவை என்பதை மட்டும் விசாரித்துக்கொண்டு எடுங்கள். அந்த ஊர்ச் சனத்துக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. கேட்டால் சுவரில் தண்ணீர் நின்ற உயரத்தையே காட்டுவார்கள்.

வாங்குவதற்கு முன் வாடகைக்கு இருந்து பார்ப்பதுதான் எல்லாப் பக்கத்துக்கும் நான் சொல்வது. அதையும் ஒக்டோபரில் தொடங்குங்கள். வடகீழ்ப் பருவமழை முடியும் ஜனவரிக்குள் ஒழுங்கையில் தண்ணீர் நிற்கிறதா, மின்சாரம் எத்தனை நாள் போகிறது, பாம்பு வருகிறதா என்பது தெரிந்துவிடும். பிறகு ஓகஸ்ட் வரை இருந்தால் கிணறு எந்த ஆழத்துக்கு இறங்குகிறது என்பதும் தெரியும். வாடகை ஒப்பந்தத்தை ஒரு வருடத்துக்கு எழுதுங்கள். தண்ணீர் மோட்டார் பழுதானால் திருத்தும் செலவு யாருடையது என்பதையும் அதில் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். கையொப்பமிடப் போகும் நாளில், பகலில் அந்த வீட்டில் இருக்கப் போகிறவரையும் கூட்டிக்கொண்டு போய், அவர் சரி என்று சொன்ன பிறகு முற்பணத்தைக் கொடுங்கள்.